இணைக்கப்பட்ட இரண்டு காற்றுத் தொட்டிகள்: மலையூரிலிருந்து வாயுக் கணக்குப் போடும் முறை

உதகமண்டலத்தில் பொறியியல் மாணவர்களுக்கு மாலை நேரத்தில் வெப்ப இயக்கவியல் கற்பிக்கும்போது நான் முதலில் கொடுக்கும் கணக்கு எப்போதும் ஒன்றுதான். 200 லிட்டர் கொள்ளளவுள்ள காற்றுத் தொட்டி ஒன்றின் கேஜ், அதாவது அழுத்தமானி, 700 கிலோ பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) காட்டுகிறது. வாய் திறந்து கிடந்த 300 லிட்டர் தொட்டி ஒன்று குழாயாலும் வால்வாலும் அதனுடன் இணைக்கப்படுகிறது. இரண்டும் 15 டிகிரி செல்சியஸில் இருக்கின்றன. வால்வைத் திறந்து, எல்லாம் மீண்டும் 15 டிகிரிக்கு வந்து நின்றபின் கேஜ் என்ன காட்டும்? பெரும்பாலோர் 700-ஐ 200-ஆல் பெருக்கி, 500-ஆல் வகுத்து, 280 என்று எழுதிவிடுவார்கள். விடை சரி. ஆனால் அதே மாணவரிடம் இரு தொட்டிகளிலும் சேர்த்து எத்தனை கிலோகிராம் காற்று இருக்கிறது என்று கேட்டால் 1.69 என்கிறார், உண்மையில் இருப்பது 2.16. ஒரே தாளில் ஒரே வழியில் போட்ட கணக்கில் ஒரு விடை சரியாகவும், மற்றொன்று ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தும் வருகின்றன. இதற்கான காரணம் பிடிபட்டுவிட்டால், இணைந்த தொட்டிகளைப் பற்றிய கணக்குகளில் பாதி பிடிபட்டதாகக் கொள்ளலாம்; ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கேஜ் காட்டுவது எதை

டயருக்குக் காற்று பிடிக்கும் கடையில் இருக்கும் கேஜ், தொட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தைக் காட்டுவதில்லை. உள்ளே இருக்கும் அழுத்தம் வெளியே இருக்கும் காற்றின் அழுத்தத்தைவிட எவ்வளவு கூடுதல் என்பதைத்தான் காட்டுகிறது. வாயுவின் அழுத்தம், பருமன், நிறை, வெப்பநிலை ஆகியவற்றை இணைக்கும் நல்லியல்பு வாயுச் சமன்பாடோ வெற்றிடத்தைச் சுழியாகக் கொண்டு அளந்த அழுத்தத்தை, அதாவது தனி அழுத்தத்தை மட்டுமே ஏற்கும். எனவே சமன்பாட்டைத் தொடுவதற்கு முன்பே பின்வரும் வரியை எழுதிவிட வேண்டும்:

தனி அழுத்தம் = கேஜ் அழுத்தம் + அந்த ஊரின் வளிமண்டல அழுத்தம்

'அந்த ஊரின்' என்ற சொற்களை நான் கரும்பலகையில் அடிக்கோடிட்டு எழுதுவது வழக்கம். பாடநூல்கள் பெரும்பாலும் 100 அல்லது 101.3 கிலோ பாஸ்கல் என்று கொடுக்கின்றன; அது கடல் மட்டத்து மதிப்பு. 325 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேட்டுப்பாளையத்தில் அது ஏறத்தாழ 97.5 ஆகிறது, 1850 மீட்டர் உயரக் குன்னூரில் 81, 2240 மீட்டர் உயர உதகையில் 77, 2637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா உச்சியில் 73 அளவுக்கு இறங்கிவிடுகிறது. பழனி மலையில் கொடைக்கானலுக்கு 78 என்று வைத்துக்கொள்ளலாம். இவை செந்தர வளிமண்டலக் கணக்கின்படி வரும் மதிப்புகள்; வானிலையைப் பொறுத்து ஒன்றிரண்டு கிலோ பாஸ்கல் கூடலாம், குறையலாம். உதகையில் தண்ணீர் 93 டிகிரியை எட்டும் முன்பே கொதிப்பதற்கும், பருப்பு வேகக் குக்கர் இல்லாமல் முடியாது என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வதற்கும் காரணம் இதே 77 தான்.

இதை உணர எளிய கணக்கு ஒன்று உண்டு. மேட்டுப்பாளையத்தில் 33 டிகிரி வெயிலில் ஒரு வெறுந்தொட்டியின் வால்வை இறுக மூடுகிறோம். கேஜ் சுழியில் நிற்கிறது. அதே தொட்டியை உதகைக்குக் கொண்டுவந்து, 13 டிகிரிக்குக் குளிரும்வரை வைத்திருக்கிறோம். தொட்டியின் பருமனும் உள்ளிருக்கும் காற்றின் நிறையும் மாறாததால் தனி அழுத்தம் 97.5 × 286 ÷ 306, அதாவது 91.1 கிலோ பாஸ்கலாகக் குறைகிறது. உள்ளே அழுத்தம் குறைந்திருக்கிறது. ஆனால் கேஜ் சுழியிலிருந்து 14-க்கு ஏறி நிற்கிறது, ஏனெனில் வெளியே இருக்கும் காற்று அதைவிட அதிகமாக மெலிந்துவிட்டது. கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மலைப்பாதையில் ஏற ஏற உப்பிக்கொண்டே வருவதைப் பேருந்தில் பார்த்த எவருக்கும் இது வியப்பாக இராது. ஆனால் விடைத்தாளில் எழுதும்போது அந்த நினைவு வருவதில்லை.

இனி அந்த 280-க்குத் திரும்புவோம். இரு தொட்டிகளும் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே வெப்பநிலையில் இருந்தால், தொடக்கத்தில் தனித்தனியே எடுத்த அழுத்தம் × பருமன் ஆகிய பெருக்கற்பலன்களின் கூட்டுத்தொகை, முடிவில் உள்ள அழுத்தத்தை மொத்தப் பருமனால் பெருக்கியதற்குச் சமம். ஒவ்வொரு அழுத்தத்தையும் கேஜ் அழுத்தம், வளிமண்டல அழுத்தம் என்று இரண்டாகப் பிரித்து எழுதிப் பாருங்கள்: வளிமண்டல அழுத்தத்தை மொத்தப் பருமனால் பெருக்கிய உறுப்பு சமன்பாட்டின் இரு பக்கங்களிலும் வந்து தானே நீங்கிவிடுகிறது. கேஜ் அழுத்தத்தை மட்டும் வைத்துப் போட்டவருக்கும் சரியான விடை கிடைத்தது இதனால்தான். வெப்பநிலைகள் வேறுபட்டாலோ, நிறையைக் கேட்டாலோ, வெப்ப ஆற்றலைக் கேட்டாலோ அந்த உறுப்பு நீங்காது; அப்போது பிழை வெளிப்படும். சரியான விடையைக் கொடுத்துப் பழக்கிவிட்ட தவறான வழியை மாணவரிடமிருந்து விலக்குவது எளிதன்று என்பதால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

எண்களைச் சமன்பாட்டுக்கு ஆயத்தம் செய்தல்

நாம் பயன்படுத்தும் சமன்பாடு இது:

அழுத்தம் × பருமன் = நிறை × வாயு மாறிலி × வெப்பநிலை

அழுத்தத்தைக் கிலோ பாஸ்கலிலும், பருமனைக் கன மீட்டரிலும், நிறையைக் கிலோகிராமிலும், வெப்பநிலையைக் கெல்வினிலும் வைத்தால், காற்றுக்கான வாயு மாறிலி 0.287 ஆகும், அதன் அலகு ஒரு கிலோகிராமுக்கு, ஒரு கெல்வினுக்கு இத்தனை கிலோ ஜூல் என்பது. நைட்ரஜனுக்கு 0.297, ஆக்சிஜனுக்கு 0.260. வேறு எந்த வாயுவாக இருந்தாலும் 8.314-ஐ அதன் மூலக்கூறு எடையால் வகுத்தால் மாறிலி கிடைத்துவிடும். செல்சியஸுடன் 273-ஐக் கூட்டினால் கெல்வின். 1000 லிட்டர் ஒரு கன மீட்டர்.

கடைகளில் 'முப்பது பவுண்டு காற்று' என்று சொல்வது சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு என்ற கேஜ் அழுத்தத்தை, அதை 6.895-ஆல் பெருக்கினால் கிலோ பாஸ்கல், ஏறத்தாழ 207. சதுர சென்டிமீட்டருக்குக் கிலோ என்று குறித்த கேஜாக இருந்தால் 98.07-ஆல் பெருக்க வேண்டும். இந்த மாற்றத்தை முடித்த பிறகுதான் 77-ஐக் கூட்ட வேண்டும். 30 பவுண்டுடன் 77-ஐக் கூட்டிய தாள்களை நான் திருத்தியிருக்கிறேன்.

முதல் கணக்கை முறையாகப் போட்டால் இப்படி வரும். முதல் தொட்டியின் தனி அழுத்தம் 777, பருமன் 0.2, வெப்பநிலை 288 கெல்வின். எனவே நிறை 155.4 ÷ 82.66 = 1.88 கிலோகிராம். இரண்டாம் தொட்டி 'வெறுந்தொட்டி' என்றாலும் வெற்றிடம் அன்று. அதில் 77 கிலோ பாஸ்கல் அழுத்தத்தில் 0.28 கிலோகிராம் காற்று இருக்கிறது. வெறுமை வேறு, வெற்றிடம் வேறு. கணக்கில் 'காற்று முழுதும் வெளியேற்றப்பட்டது' என்று சொல்லியிருந்தால் மட்டுமே சுழி என்று எடுக்கலாம். மொத்தம் 2.16 கிலோகிராம், 0.5 கன மீட்டர், 288 கெல்வின், தனி அழுத்தம் 357, கேஜ் 280.

குழாயின் பருமனைப் பற்றி ஒரு சொல். உள்விட்டம் 20 மில்லிமீட்டரும் நீளம் 10 மீட்டரும் கொண்ட ஹோஸ் குழாய்க்குள் 3 லிட்டருக்குச் சற்று மேல்தான் அடங்கும். 500 லிட்டருக்கு முன் அது ஒரு விழுக்காடுகூட இல்லை என்பதால் விட்டுவிடலாம். தொட்டிகள் சிறியவையாகவும் குழாய் நீளமாகவும் இருந்தால் மூன்றாவது தொட்டியாக அதையும் சேர்க்க வேண்டும்.

வெப்பநிலைகள் வேறுபடும்போது

கம்ப்ரசர் ஓடி முடித்த சூட்டில் முதல் தொட்டி 60 டிகிரியில் இருக்கிறது. அதன் பருமன் 0.2 கன மீட்டர், கேஜ் 500. கடைக்கு வெளியே குளிரில் கிடக்கும் இரண்டாம் தொட்டி 5 டிகிரியில் இருக்கிறது. அதன் பருமன் 0.3, கேஜ் 100. இடம் உதகை. வால்வைத் திறந்து விட்டுவிடுகிறோம். நெடுநேரம் கழித்து இரண்டும் 10 டிகிரியில் நிற்கின்றன. இறுதி அழுத்தமும், இதற்கிடையே காற்று வெளியே விட்ட வெப்பமும் எவ்வளவு?

இங்கே செய்ய வேண்டிய முதல் வேலை, எதை 'அமைப்பு' என்று கொள்கிறோம் என்பதை முடிவு செய்வது. ஒரு தொட்டியை மட்டும் எடுத்தால் காற்று எல்லையைக் கடந்து போய்க்கொண்டே இருக்கும், கணக்கு நீளும். இரு தொட்டிகளையும் குழாயையும் சேர்த்து ஒரே கோட்டுக்குள் வரைந்துவிட்டால், அந்தக் கோட்டைக் கடந்து எந்தக் காற்றும் போவதில்லை, வருவதில்லை. சுவர்கள் விறைப்பானவை என்பதால் விரிவதற்கான வேலையும் இல்லை. மூடிய அமைப்பு, வேலை சுழி. இந்த ஒரு கோடு பாதிக் கணக்கைப் போட்டுவிடுகிறது என்று நான் நம்புகிறேன். அதனால் படம் வரையாத தாளை நான் திருத்துவதில்லை.

முதல் தொட்டியில் உள்ள நிறை: 577 × 0.2 ÷ (0.287 × 333) = 1.2075 கிலோகிராம். இரண்டாம் தொட்டியில்: 177 × 0.3 ÷ (0.287 × 278) = 0.6655. மொத்தம் 1.873. இறுதி வெப்பநிலை 283 கெல்வின், மொத்தப் பருமன் 0.5, எனவே இறுதித் தனி அழுத்தம் 1.873 × 0.287 × 283 ÷ 0.5 = 304 கிலோ பாஸ்கல்; கேஜில் 227.

வெப்பத்துக்கு வருவோம். வேலை இல்லாததால், வெப்பம் என்பது அக ஆற்றலில், அதாவது காற்று தனக்குள் வைத்திருக்கும் ஆற்றலில், ஏற்பட்ட மாற்றமே. நல்லியல்பு வாயுவின் அக ஆற்றல் வெப்பநிலையை மட்டுமே சார்ந்தது; மாறாப் பருமனில் காற்றின் தன் வெப்ப ஏற்புத்திறன், அதாவது ஒரு கிலோகிராமை ஒரு கெல்வின் சூடாக்கத் தேவையான வெப்பம், 0.718 கிலோ ஜூல். ஆகவே,

வெப்பம் = 0.718 × (1.873 × 283 − 1.2075 × 333 − 0.6655 × 278) = −41 கிலோ ஜூல்

எதிர்க்குறி, காற்று வெப்பத்தை இழந்தது என்பதைக் குறிக்கிறது. சூட்டோடு இருந்த காற்றின் நிறை குளிர்ந்த காற்றின் நிறையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு என்பதால் அப்படித்தான் வர வேண்டும். குறி மாறி வந்திருந்தால் கழித்தலில் வரிசை புரண்டிருக்கிறது.

இதே கணக்கை 77-ஐக் கூட்டாமல் போட்டால் என்ன நடக்கும்? மொத்த நிறை 1.42 என்று வரும். இறுதி அழுத்தம் 231 என்று வரும். வெப்பம் 36 கிலோ ஜூல் என்று வரும். அழுத்தத்தில் வேறுபாடு நான்கே நான்குதான், கேஜ் முள்ளின் தடிமனுக்குள் ஒளிந்துகொள்ளும். நிறையில் 24 விழுக்காடு, வெப்பத்தில் 12 விழுக்காடு. பாடநூல் சொல்கிறதே என்று 77-க்குப் பதில் 101-ஐக் கூட்டினால் பிழை மறுபக்கம் சாய்கிறது: நிறை 2.01, வெப்பம் 42.4. அழுத்தம் சரியாக வந்துவிட்டது என்ற நிம்மதியில் மற்றவற்றைச் சரிபார்க்காமல் விடுவதுதான் இங்கே இருக்கும் பள்ளம்.

வெப்பம் வெளியேற வழியில்லாதபோது

அதே இரு தொட்டிகளையும் தடிமனான வெப்பத்தடைப் போர்வையால் மூடிவிட்டோம் என்று கொள்ளுங்கள். இப்போது இறுதி வெப்பநிலையை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். வெப்பமும் சுழி, வேலையும் சுழி. எனவே மொத்த அக ஆற்றல் மாறாது. ஒரே வாயு என்பதால் தன் வெப்ப ஏற்புத்திறன் இரு பக்கமும் நீங்கிவிட, இறுதி வெப்பநிலை என்பது நிறைகளை எடையாகக் கொண்ட சராசரி என்றாகிறது: (1.2075 × 333 + 0.6655 × 278) ÷ 1.873 = 313.5 கெல்வின், அதாவது 40 டிகிரி.

அழுத்தத்துக்கு இதைவிடச் சுருக்கமான வழி இருக்கிறது. நிறை × வாயு மாறிலி × வெப்பநிலை என்பது அழுத்தம் × பருமன் தானே. அக ஆற்றலும் நிறை × வெப்பநிலை என்பதற்கே நேர்விகிதத்தில் இருக்கிறது. எனவே அக ஆற்றல் மாறவில்லை என்றால் அழுத்தம் × பருமனின் மொத்தமும் மாறவில்லை. இறுதி அழுத்தம் (577 × 0.2 + 177 × 0.3) ÷ 0.5 = 337. வெப்பநிலையையே தொடாமல், பருமன்களை எடையாகக் கொண்ட சராசரியாக அழுத்தம் கிடைத்துவிட்டது. வெப்பநிலைக்கு நிறை எடை, அழுத்தத்துக்குப் பருமன் எடை. இரண்டையும் தனித்தனியே கண்டு, சமன்பாட்டில் இட்டுச் சரிபார்க்கும் பழக்கம் தேர்வு அறையில் பெருந்துணையாக இருக்கும்.

வெப்பத்தடைப் போர்வை இருந்தும் இரண்டாம் தொட்டி வெற்றிடமாக இருந்தால், சராசரி எடுப்பதற்கு ஒரே ஒரு வெப்பநிலைதான் உண்டு; ஆகவே இறுதியில் வெப்பநிலை மாறாது. ஜேம்ஸ் ஜூல் 1845-இல் வெளியிட்ட சோதனை இதுவே: ஒரு செப்புக் கலத்தில் ஏறத்தாழ 22 வளிமண்டல அழுத்தத்தில் காற்று, மற்றொன்றில் வெற்றிடம், இரண்டும் ஒரே தண்ணீர்த் தொட்டியில். வால்வைத் திறந்தபின் தண்ணீரின் வெப்பநிலையில் மாற்றம் தெரியவில்லை. ஆனால் அவர் அத்துடன் நிற்கவில்லை. கலங்களைத் தனித்தனித் தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்தபோது, காற்றை இழந்த கலம் குளிர்ந்ததையும், காற்றைப் பெற்ற கலம் சூடானதையும் கண்டார். மொத்தத்தில் மாறாதது, பகுதிகளில் மாறலாம். அடுத்த பகுதி முழுவதும் இதைப் பற்றியதுதான்.

வால்வை உடனே மூடிவிட்டால்

பாடநூல் கணக்குகளில் மிக அழகானது இது என்பது என் எண்ணம். மிகக் குறைவாகப் பயிற்சி செய்யப்படுவதும் இதுவே. அதே தொட்டிகள், அதே தொடக்க நிலை. வால்வைத் திறக்கிறோம், அழுத்தங்கள் சமமான அந்தக் கணத்திலேயே மூடிவிடுகிறோம். அந்தச் சிறிது நேரத்தில் சுவர் வழியே வெப்பம் போகவில்லை, இரு தொட்டிகளின் காற்றும் ஒன்றோடொன்று வெப்பநிலையைச் சமன் செய்துகொள்ளவும் நேரமில்லை என்று கொள்வோம். ஒவ்வொரு தொட்டியிலும் என்ன வெப்பநிலை?

இறுதி அழுத்தம் முன்பு கண்ட அதே 337 தான். வெப்பநிலைகள் சமமாக வேண்டும் என்ற நிபந்தனையே அந்தச் சமன்பாட்டில் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் முதல் தொட்டியிலேயே தங்கிவிட்ட காற்று, வெளியேறும் காற்றைத் தள்ளிக்கொண்டே விரிந்திருக்கிறது; அதற்கு மட்டும் வெப்பப் பரிமாற்றமில்லா விரிவுக்கான சமன்பாட்டைப் பயன்படுத்தலாம். அழுத்த விகிதத்தை 0.2857 என்ற அடுக்குக்கு உயர்த்த வேண்டும். காற்றின் இரு தன் வெப்ப ஏற்புத்திறன்களின் விகிதம் 1.4 என்பதால் 0.4 ÷ 1.4 என்று வரும் எண் அது.

முதல் தொட்டியின் இறுதி வெப்பநிலை = 333 × (337 ÷ 577)-இன் 0.2857 அடுக்கு = 285.6 கெல்வின்

60 டிகிரியில் இருந்த காற்று 12.6 டிகிரிக்கு இறங்கிவிட்டது. அதில் எஞ்சியிருக்கும் நிறை 337 × 0.2 ÷ (0.287 × 285.6) = 0.822 கிலோகிராம். மீதி 1.051 கிலோகிராம் இரண்டாம் தொட்டியில் இருக்கிறது. அதே 337 அழுத்தத்தில், 0.3 கன மீட்டரில் அந்த நிறை அடங்க வேண்டுமானால் வெப்பநிலை 335.3 கெல்வின், அதாவது 62 டிகிரி. 5 டிகிரியில் கிடந்த தொட்டிக்குள் இருக்கும் காற்று, சூடான தொட்டியில் முன்பிருந்ததைவிடவும் சூடாகிவிட்டது. இரண்டாம் தொட்டிக்கு விரிவுச் சமன்பாட்டைப் போடக் கூடாது என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். அங்கே வேறு வெப்பநிலையிலிருந்த புதிய காற்று வந்து கலக்கிறது, கலத்தல் மீளா நிகழ்வு. அதன் நிறையைக் கழித்தலாலும், வெப்பநிலையை வாயுச் சமன்பாட்டாலும் மட்டுமே காண வேண்டும்.

வால்வு மூடியபடியே இருக்க, இரண்டு தொட்டிகளும் 10 டிகிரிக்குக் குளிர்ந்தால் கேஜ்கள் பிரியத் தொடங்கும். முதல் தொட்டியின் தனி அழுத்தம் 337 × 283 ÷ 285.6 = 334; இரண்டாவதில் 337 × 283 ÷ 335.3 = 284. மூடும்போது ஒரே எண்ணைக் காட்டிய இரண்டு கேஜ்கள் சற்று நேரத்தில் 50 கிலோ பாஸ்கல் விலகி நிற்பதைப் பார்த்து, வால்வு கசிகிறது என்றோ கேஜ் பழுது என்றோ ஒருவர் எண்ணக்கூடும், இரண்டும் இல்லை. இப்போது வால்வை மீண்டும் திறந்தால் (334 × 0.2 + 284 × 0.3) ÷ 0.5 என்று 304 வருகிறது. முதலில் வால்வைத் திறந்தே விட்டபோது கண்ட அதே அழுத்தம். வெவ்வேறு வழியில் போனாலும் நிறையும் பருமனும் இறுதி வெப்பநிலையும் ஒன்றானால் அழுத்தமும் ஒன்றாகத்தான் இருக்கும். இந்தச் சரிபார்ப்பு பொருந்தி வரும்போது மாணவர் முகத்தில் தெரியும் மகிழ்ச்சிக்காகவே நான் ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கணக்கை விடாமல் போடுகிறேன்.

பருமன் தெரியாத தொட்டி

வெப்பநிலைகள் சமமாக இருந்தால் வளிமண்டல உறுப்பு நீங்கிவிடும் என்று முன்பு கண்டதற்கு ஒரு நல்ல பயன் உண்டு. நசுங்கி வடிவம் மாறிய பழைய தொட்டி ஒன்றின் கொள்ளளவை அளவுகோலால் அளக்க முடியாது. அதை வாய் திறந்து வைத்து, பின் 200 லிட்டர் தொட்டியுடன் இணைத்து, 600 காட்டும் காற்றை அதற்குள் விட்டு, இரண்டும் அறை வெப்பநிலைக்கு வந்தபின் கேஜ் 240 காட்டுகிறது என்றால், மொத்தப் பருமன் 600 × 200 ÷ 240 = 500 லிட்டர்; எனவே பழைய தொட்டி 300 லிட்டர். ஊரின் வளிமண்டல அழுத்தம் தெரியாமலேயே விடை கிடைத்துவிட்டது. தெரிந்து செய்யும்போது கேஜ் அழுத்தத்தை நேரடியாகப் பயன்படுத்துவதில் குற்றமில்லை. நசுங்கிய தொட்டி முழு அழுத்தத்தைத் தாங்குமா என்பது வேறு கேள்வி. உண்மையில் செய்து பார்ப்பதாக இருந்தால், தாழ்ந்த அழுத்தத்தில்தான் செய்ய வேண்டும்.

இரு வேறு வாயுக்கள், வாயு அல்லாதவை

ஒரு தொட்டியில் நைட்ரஜனும் மற்றொன்றில் ஆக்சிஜனும் இருந்தால், நிறைக்குப் பதிலாக மோல்களை (நிறையை மூலக்கூறு எடையால் வகுத்தால் வருவது) கூட்டிக்கொண்டு, 8.314 என்ற பொது மாறிலியைப் பயன்படுத்துவது எளிது. மற்றவை அனைத்தும் அப்படியே. வெப்பம் வெளியேறாத கணக்கில் மட்டும், தன் வெப்ப ஏற்புத்திறன்கள் வேறுபட்டால் இரு பக்கமும் அது நீங்காது. ஹீலியமும் நைட்ரஜனும் கலக்கும் கணக்கில் அதை மறந்தால் வெப்பநிலை தவறாகிவிடும்.

காற்றுக்கு, ஆறேழு வளிமண்டல அழுத்தத்திலும் நம் ஊர்க் குளிரிலும் நல்லியல்பு வாயுச் சமன்பாடு ஒரு விழுக்காட்டுக்குள் சரியாகவே இருக்கும். 150 வளிமண்டல அழுத்தமுள்ள ஆக்சிஜன் சிலிண்டருக்கு அது சில விழுக்காடு விலகும். அங்கே அமுக்கத் திருத்தம் வேண்டும். சமையல் எரிவாயுச் சிலிண்டருக்கோ அது பொருந்தவே பொருந்தாது. அதற்குள் இருப்பது பெரும்பாலும் திரவம். மேலே இருக்கும் ஆவியின் அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலையும் புரோப்பேன், பியூட்டேன் கலவை விகிதமும்தான், மீதியிருக்கும் நிறை அன்று. கடல் மட்டத்தில் பியூட்டேன் ஏறத்தாழ சுழி டிகிரிக்கு அரை டிகிரி கீழே கொதிக்கிறது. புரோப்பேன் சுழிக்கு 42 டிகிரி கீழே. உறைபனி விழுந்த மார்கழிக் காலையில் எரிவாயு அடுப்பு மந்தமாக எரிவது இதனால்தான். அதேபோல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயிலைத் தள்ளிவரும் நீராவி எஞ்சினின் கொதிகலனும் நீராவி அட்டவணையின் ஆட்சிக்கு உட்பட்டது. இந்தச் சமன்பாட்டின் ஆட்சிக்கு அன்று.

நீங்களே போட்டுப் பார்க்க

மேட்டுப்பாளையத்தில் 33 டிகிரியில், 97.5 கிலோ பாஸ்கல் வளிமண்டலத்தில், வாய் திறந்திருந்த 0.5 கன மீட்டர் தொட்டி அங்கேயே மூடப்பட்டு உதகைக்குக் கொண்டுவரப்படுகிறது. உதகையில் 13 டிகிரியில் இருக்கும் 0.1 கன மீட்டர் தொட்டி ஒன்றின் கேஜ் 400 கிலோ பாஸ்கல் காட்டுகிறது. இரண்டும் இணைக்கப்பட்டு, இறுதியில் 13 டிகிரியில் நிற்கின்றன. பெரிய தொட்டியில் 0.555 கிலோகிராம், சிறியதில் 0.581 கிலோகிராம், இறுதித் தனி அழுத்தம் 155.4, கேஜில் 78 என்று வந்தால் உங்கள் கணக்கு சரி. பெரிய தொட்டியை மேட்டுப்பாளையத்தில் மூடாமல் உதகையில் 13 டிகிரியில் மூடியிருந்தால் கேஜ் 67 என்று குறையும். அந்த 11 எங்கிருந்து வந்தது என்பதை ஒரே வரியில் எழுதிப் பாருங்கள்.